கொரியாவிற் சமைத்த கை

நமது பண்பாட்டுக் காவலர்களுக்கு இப்பொழுது புதிய கவலையொன்று பிடித்திருக்கிறது. தமிழன் வீட்டு அடுப்படியிற் கொரிய நாட்டுக் குழம்பு கொதிக்கிறதாம்! கைத்தொலைபேசித் திரையைப் பார்த்துப் பார்த்து நம் பிள்ளைகள் கோவாவை உப்பிட்டு ஊறவைக்கிறார்களாம். சோற்றைக் கடற்பாசித் தாளிற் சுற்றி வெட்டுகிறார்களாம். புட்டும் இடியப்பமும் அநாதையாகிவிட்டனவாம். பரிசளிப்பு விழா மேடைகளிலும் ஆசிரியர் ஓய்வறைகளிலும் இந்த ஒப்பாரியைக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. ஆகவே மறுமொழி கூறுவது கடமையெனக் கருதுகிறோம்.

நாம் கூற விரும்புவது இதுதான். வீட்டுப் பானையில் எந்த நாட்டுச் சோறு வேகிறது என்பது ஒரு பெரிய கேள்வியன்று. அந்தப் பானையை நாள்தோறும் ஏற்றி இறக்குவது யாருடைய கை என்பதே கேள்வி. முதற் கேள்வியை உரத்துக் கேட்பவர்கள், இரண்டாவது கேள்வி எவர் காதிலும் விழக்கூடாது என்பதற்காகவே அவ்வாறு செய்கிறார்கள் என்பது நமது குற்றச்சாட்டு.

நாம் கண்டதைச் சொல்லுகிறோம்.

இரணைமடு வாய்க்காலின் நீர் பாயும் கிராமமொன்றிலிருந்து நமது உயர்தர வகுப்பிற்கு ஒரு மாணவி வருகிறாள். தகப்பன் 2009 ஆம் ஆண்டுப் போரிற் போய்விட்டார். தாய் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். பொழுது புலருமுன்னரே பேருந்து வந்துவிடும். ஆகவே வீட்டின் அடுப்பு இப்பெண்ணின் பொறுப்பு. நான்கு மணிக்கு எழுந்து, தேங்காய் துருவிப் புட்டவித்து, மத்தியானச் சோற்றையும் கறியையும் ஆக்கி மூடி வைத்துவிட்டு, சைக்கிள் மிதித்து வந்து வகுப்பில் அமர்ந்தாளானால், இரண்டாம் பாடத்திலேயே அவளுக்குக் கண் சொருகும். பள்ளியிற் படிக்கும் தம்பியொருவனும் அவ்வீட்டில் உண்டு. அவனை எழுப்பிவிடுவதும் அவளுடைய வேலைதான்.

மூத்த தமையன் கொரியாவிலே தொழிற்சாலையொன்றில் நான்கு ஆண்டும் பத்து மாதமும் உழைத்துவிட்டு வீடு திரும்பினான். திரும்பியவன் ஒருநாள் தானாகவே அடுப்படிக்குட் புகுந்தான். ஒரு சனிக்கிழமை அவ்வீட்டிற்குச் சென்ற நமக்கும் அவன் கையாற் சமைத்த சோறு கிடைத்தது. நமது ஆட்டக்காரிச் சிவப்பரிசிச் சோறு. அதன்மேல் தனித்தனியே வதக்கிய பொன்னாங்காணி, மெல்லிதாய் அரிந்த கரட், முளைவிட்ட பயறு, பொரித்த முட்டை. செத்தல் மிளகாயை உள்ளியோடு அரைத்த கூட்டு ஒரு கரண்டி. நல்லெண்ணெய் சில துளி. எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்து உண்ணவேண்டும். 'பிபிம்பாப்' என்று அதற்குப் பெயர். 'கலந்த சோறு' என்பதே பொருள். பக்கத்திலே ஒரு போத்தலிற் கிம்ச்சி இருந்தது. கோவாவை உப்பிற் கிடத்தி, அரிசிமாக் கூழிலே மிளகாய்த்தூள், இஞ்சி, உள்ளி, நெத்தலிக் கருவாட்டுத்தூள் குழைத்துப் பூசிப் புளிக்கவிட்டிருந்தான். "அங்கத்தைக் குளிருக்குக் கிழமைக்கணக்கில வைக்கோணும், சேர், கிளிநொச்சி வெயிலுக்கு ரெண்டு நாளிலயே புளிச்சிடும்" என்றான்.

அவன் சமைத்த நாட்களில் அவனுடைய தங்கை வகுப்பில் உறங்கவில்லை. "அண்ணா சமைச்ச கிழமையளில நான் அஞ்சு வருசத்துப் பாஸ் பேப்பர் செய்து முடிச்சிட்டன், சேர்" என்று அவள் நம்மிடம் கூறியபோது அவள் முகத்திலே கண்ட மலர்ச்சியை நாம் மறக்கமாட்டோம்.

ஆனால் ஊர் விடுமா? தாய்மாமன் ஒருவர் வந்தார். "என்னடா தம்பி, வெளிநாட்டுக்குப் போய் உழைச்சுக்கொண்டு வந்தவன் அடுப்படிக்குள்ள நிண்டு கோவா வெட்டுறாய்? வீட்டில பொம்பிளையள் இல்லையோ?" என்றார். கோவிற் கிணற்றடியிலும் சந்திக் கடையிலும் அதே கேள்வி வேறு சொற்களில் எழுந்தது. கலியாணம் பேசுகிற வயது. பெண் வீட்டார் காதில் விழுந்தால் என்னாவது என்று தாயும் கலங்கினாள். அகப்பை மீண்டும் தங்கையின் கைக்குப் போயிற்று. மறுவாரம் அவள் நமது வகுப்பில் உறங்கினாள்.

இந்நிகழ்ச்சியிலே பண்பாடு எங்கே கெட்டது? கொரியச் சோறு சமைத்த இடத்திலா? அன்றி, அதைச் சமைத்த கையை மடக்கிய இடத்திலா?

பண்பாட்டுக் காவலர்களின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்நிய உணவு நமது மரபைக் கெடுக்கும் என்கிறார்கள். எது நமது மரபு? மிளகாய் இல்லாத குழம்பை இவர்கள் உண்பார்களா? மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்; போர்த்துக்கீசர் காலத்திலே ஆசியாவின் கரைகளுக்கு வந்து சேர்ந்தது. சங்கப் பாடல்களில் மிளகு உண்டு, மிளகாய் இல்லை. மிளகைப்போல் உறைக்கும் காய் என்று நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டனர். மரவள்ளியும் உருளைக்கிழங்கும் தக்காளியும் கச்சானும் அதே கண்டத்தினின்றும் வந்தவையே. பாணுக்கும் புட்டுக்கும் இவர்கள் தொட்டுக்கொள்ளும் சம்பலின் பெயர் மலாய்ச் சொல். சித்திரைப் பிறப்பிற்கு இவர்கள் கிண்டும் தொதலும் மலாய்த் தீவுகளினின்று வந்த பண்டமே. இன்று கிளிநொச்சியிலிருந்து வவுனியா வரை ஏ-9 வீதியிலுள்ள உணவகங்களில் மாலையானதும் இவர்களே பிறைட் றைசும் றோல்சும் வாங்கி உண்கிறார்கள். சீனத்துப் பெயரும் இங்கிலீசுப் பெயரும் அங்கே இவர்களின் தொண்டையிற் சிக்குவதில்லை.

அதியமானின் முன்னோர் கரும்பைக் கொண்டுவந்து தந்தமையை ஒரு பெருமையாகவே புறநானூறு பேசுகிறது. பிறபுலத்துப் பயிரைத் தம் மண்ணுக்குக் கொணர்ந்தவனைப் பாடிப் போற்றிய மக்கள் நாம். பிறபுலத்துச் சோற்றைத் தன் தங்கைக்கு ஆக்கிப் போட்டவனை ஏசுகிற மக்களாய் எப்பொழுது ஆனோம்?

மேலும், கொரியா நமக்கு அத்துணை அந்நியமன்று. கொரியனும் நெல் விளைவித்து உண்பவன். நெத்தலியைக் காயவைத்துச் சாறெடுப்பவன். எள்ளை ஆட்டி எண்ணெய் எடுப்பவன். நோயாளிக்கு அரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பவன். அவனுடைய நாட்டிற்கும் மிளகாய் கடல்கடந்தே வந்தது. பதினாறாம் நூற்றாண்டிற்குப் பின்னரே அவனுடைய கிம்ச்சி சிவந்தது. பனிக்காலத்தில் நிலம் ஒன்றும் தராது என்பதால், விளைந்த காலத்திலேயே அதை உப்பிட்டு வைத்த ஏழைகளின் அறிவே கிம்ச்சி. மழைக்காலத்தில் ஒன்றும் கிடையாது என்பதால் ஒடியலையும் வற்றலையும் கருவாட்டையும் ஆக்கி வைத்த ஏழைகளின் அறிவே நம்முடையது. இரண்டும் ஒரே பள்ளியிற் படித்தவை. அப்பள்ளியின் பெயர் பசி.

தொலைக்காட்சித் தொடர்களிலும் பாட்டுக் குழுக்களிலும் மாத்திரம் கொரியாவைக் கண்டவர்கள் அந்நாட்டின் சோற்றுக் கதையையும் அறிதல் வேண்டும். 1910 முதல் 1945 வரை யப்பானிய ஏகாதிபத்தியம் அந்நாட்டை ஆண்டது. 1920 இல் நெல்லுற்பத்தியைப் பெருக்கும் திட்டமொன்றை அது வகுத்தது. நெல் பெருகிற்று; விளைவித்தவன் உண்ட அரிசியோ குறைந்தது. அரிசி கப்பலேறி யப்பானுக்குப் போக, கொரிய உழவன் மஞ்சூரியாவிலிருந்து வந்த தினையை உண்டான். பின்னர் 1950 முதல் 1953 வரை நடந்த போர் அந்நாட்டைக் கிழித்துப் போட்டது. அமெரிக்கப் படைமுகாம்களிலிருந்து வெளிவந்த தகரத்திலடைத்த இறைச்சியைக் கிம்ச்சியோடு சேர்த்துக் காய்ச்சிய 'படைமுகாம்க் குழம்பு' இன்று உணவகங்களில் நாகரிகப் பண்டமாக விற்கப்படுகிறது. அதன் பிறப்பு பசியிலே என்பதை உண்பவர் அறியார். கிம்ச்சி செய்யும் மரபை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் தென்கொரியாவின் பெயரால் 2013 இலும் வடகொரியாவின் பெயரால் 2015 இலும் தனித்தனியே பட்டியலிட்டது. ஒரு மக்கள், ஒரு போத்தல், இரண்டு பதிவுகள்! போரினாற் கிழிபட்ட வன்னி மக்களாகிய நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா?

நமது சோற்றுப் பானையோடும் கொரியாவிற்குத் தொடர்புண்டு. கொரியப் போர் தொடங்கியதும் உலகச் சந்தையில் இறப்பர் விலை ஏறியது; இலங்கையின் கருவூலம் நிரம்பியது. விலை சரிந்ததும் கருவூலம் வற்றியது. 1952 டிசெம்பரிற் சீனத்தோடு செய்துகொண்ட இறப்பர் - அரிசி ஒப்பந்தம் அந்நெருக்கடியிற் பிறந்ததே. 1953 யூலையில் அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் வெட்டப்பட்டது. யூலை 27 இற் கொரியாவிலே போர்நிறுத்தம் கையெழுத்தானது. பதினாறு நாட்களின் பின், ஓகஸ்ட் 12 இல், இலங்கைத் தொழிலாளரும் விவசாயிகளும் ஹர்த்தாலில் எழுந்தனர். ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். கொரியனின் குருதிக்கும் நமது பிள்ளையின் மதிய உணவிற்கும் இடையே கயிறு கட்டியிருந்தது உலக முதலாளித்துவம். அன்று அக்கயிற்றைப் பற்றி ஒருசொல்லும் கூறாத பண்பாட்டுக் காவல், இன்று கோவாப் போத்தலைக் கண்டதும் குரைக்கிறது.

இனி மறுபக்கத்தாரையும் விட்டுவிட இயலாது. கொரியா என்றால் அவர்களுக்குப் பொட்டலம். மினுங்கும் உறையில் வரும் நூடில்சை வெந்நீரிற் போட்டுவிட்டு, ஆசியா முழுவதையும் வீட்டிற்கு அழைத்துவிட்டதாக மகிழ்கிறவர்கள் இவர்கள். அந்தப் பொட்டலத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. 1954 இல் அமெரிக்கா தனது மிகைக் கோதுமையைப் பிறநாடுகளிற் கொட்டுதற்கு 480 ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. உடன் நூடில்ஸ் 1958 இல் யப்பானிற் பிறந்தது. 1963 இற் கொரியாவிற்கு வந்தது. அரிசியுண்ட மக்களைக் கோதுமை மாவிற்குப் பழக்கிய கதையின் ஓர் அத்தியாயம் அது. நமக்கும் இக்கதை புதிதன்று. 1942 இற் பர்மா யப்பானியர் வசமாகி அரிசிக் கப்பல்கள் நின்றபோது நமது வீடுகளுக்குட் கோதுமை மா நுழைந்தது. 1980 இற் சிங்கப்பூர் நிறுவனமொன்றின் மாவாலை திருகோணமலையில் இயங்கத் தொடங்கியபின் அது நிலைபெற்றது. நெல் விளையும் வன்னியிலே காலையிற் பாண் தின்பதைப் பண்பாட்டுக் காவலர் எவரும் சீரழிவு என்று கூறியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆயினும் பொட்டலத்தை ஏசும்போது நாம் நேர்மையோடு ஏசவேண்டும். பொட்டலத்தை யார் வாங்குகிறார்கள்? எட்டு மணிநேரம் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்துவிட்டு, இருட்டிய பின் வீடு வந்து, பசித்த பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிற தாய் வாங்குகிறாள். அவளுக்கு அப்பொட்டலம் நாகரிகமுமன்று, கொரியாவுமன்று. அரைமணி நேர ஓய்வு. அவ்வீட்டிலுள்ள ஆண்மகன் அடுப்பை மூட்டியிருந்தால் அந்த அரைமணி நேரத்தை அவள் கம்பனியிடம் விலை கொடுத்து வாங்கியிருக்கமாட்டாள். நாம் செய்யாத உதவியையே முதலாளி உறையிலிட்டு விற்கிறான். ஆகவே பொட்டலத்தைப் பற்றிய வழக்கும் சுற்றிச் சுழன்று அதே கேள்விக்குத்தான் வருகிறது: சமைப்பது யார்?

'ஆண்பிள்ளைக்குச் சமையல் வராது' என்பது பழைய பொய். அதைக் கொரியாவே உடைத்துவிட்டது. 2004 ஆம் ஆண்டில் இலங்கைக்கும் கொரியாவிற்கும் இடையே தொழிலாளரை அனுப்பும் உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி கொரிய மொழிப் பரீட்சையிற் சித்தியடைந்த நமது இளைஞர்கள் ஆண்டுதோறும் தொழிற்சாலைகளுக்கும் மீன்பிடிக்கும் கட்டடவேலைக்கும் பயணமாகின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். வன்னியின் சந்திச் சுவர்களிலும் 'கொரிய மொழி வகுப்பு' என்ற விளம்பரங்களைக் காண்கிறோம். அங்கே விடுதியறையில் அவர்களுக்குத் தாயுமில்லை, தங்கையுமில்லை. பன்னிரண்டு மணிநேர வேலைக்குப் பின் தாமே அரிசி கழுவுகிறார்கள். தாமே பாத்திரம் துலக்குகிறார்கள். நாம் மேலே கூறிய இளைஞன் தன் விடுதி அடுப்பைப் பற்றிச் சொன்னான். நேபாளத்தவன் ஒருநாள் பருப்பு காய்ச்சுவான். வியட்நாமியன் ஒருநாள் அரிசி நூடில்சில் இலைதழைகளைப் போட்டுச் சாறு வைப்பான். இந்தோனேசியன் மிஞ்சிய சோற்றை மிளகாயும் இறால் கூட்டும் இட்டு வதக்கி 'நசி கோரெங்' ஆக்குவான். இவன் பறங்கிக்காய்க்குத் தேங்காய்ப்பால் விடுவான். கொரிய உணவைக் கற்றுக்கொடுத்தவள் தொழிற்சாலைச் சாப்பாட்டறையில் வேலை செய்த ஒரு கிழவி. நான்கு நாட்டுத் தொழிலாளர் ஒரே அடுப்பின் முன் நின்று தத்தம் தாயின் கைப்பக்குவத்தை நினைவுகூர்ந்தார்கள். சர்வதேசியம் என்ற சொல்லுக்கு இதனினும் எளிய பொருளுரையை நாம் படித்ததில்லை.

அந்தக் கைகள் கட்டுநாயக்காவில் இறங்கியதும் ஏன் செயலற்றுப் போகின்றன? கொரியாவிற் சமைத்த கை கிளிநொச்சியில் ஏன் மடங்குகிறது? அது திறமைக் குறைவன்று; அதிகாரம்.

இதன் மறுபுறத்தையும் பாருங்கள். நமது பெண்கள் வீட்டுப் பணிக்காகக் குவைத்திற்கும் சவூதி அரேபியாவிற்கும் போகிறார்கள். அங்கே அவர்கள் சமைக்கிறார்கள், துடைக்கிறார்கள், பிள்ளை தூக்குகிறார்கள். அது தொழில், அதற்குக் கூலியுண்டு, அக்கூலி நாட்டின் அந்நியச் செலாவணிக் கணக்கிலே ஏறுகிறது. அதே பெண் வீடு திரும்பி அதே வேலையைத் தன் அடுப்படியிற் செய்யும்போது, அரசாங்கத்தின் தொழிற்படைக் கணக்கெடுப்பு அவளைப் 'பொருளாதார ரீதியாகச் செயற்படாதோர்' வரிசையில் எழுதிக்கொள்கிறது. அதே கை, அதே கரண்டி! அங்கே வேலை, இங்கே கடமை. விலை கொடுக்காமற் பறிக்கப்படும் உழைப்பிற்குச் சுரண்டல் என்றுதானே நாம் வகுப்புகளிலும் கூட்டங்களிலும் பெயர் சொல்லிவந்தோம்?

ஆண்கள் சமைக்கவே மாட்டார்கள் என்றுமில்லை. கூலி கிடைத்தாலோ புகழ் கிடைத்தாலோ சமைப்பார்கள். கலியாண வீட்டுக் கிடாரத்தின் முன் நிற்பவர் ஆண். கோவில் அன்னதான மடத்தில் அகப்பை பிடிப்பவர் ஆண். கடையிற் கொத்துரொட்டித் தகட்டில் தாளம் போடுபவரும் ஆணே. சிறந்த சமையலுக்கு நமது மொழியிலுள்ள பெயர்கள் இரண்டு: நளபாகம், வீமபாகம். இரண்டும் ஆண்களின் பெயர்கள். வீமன் வகுத்த நூல்முறை தவறாத உணவைப் பாணருக்கு இட்டமையைச் சிறுபாணாற்றுப்படை கூறும். ஆக, புகழ் ஆணுக்கு, புகை பெண்ணுக்கு.

தமிழாசிரியர்களாகிய நாமும் இக்குற்றத்திற் பங்காளிகள். குறுந்தொகையிற் கூடலூர் கிழார் பாடிய பாட்டொன்று உண்டு. புதுமணப்பெண் தயிரைப் பிசைந்த விரலைத் தன் உடையிலே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்பின் புகை கண்ணிற் படிகிறது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் நுண்ணிதாய் மலர்கிறது. அழகிய பாட்டு, அதில் ஐயமில்லை. எத்தனை வகுப்புகளில் அம்மலர்ச்சியை வியந்து வியந்து பொருள் கூறியிருக்கிறோம்! அந்தப் புகையைப் பற்றி ஒருநாளாவது கேட்டோமா? மாற்றி உடுக்க நேரமில்லாத அந்தக் கறைபட்ட உடையை ஒரு வினாவாக எந்தப் பரீட்சைத் தாளிலாவது இட்டோமா? கணவன் ஒருநாள் சமைத்து மனைவி இனிதென்று உண்டால் அவன் முகமும் மலராதா என்று எந்த மாணவனிடமாவது கேட்டோமா? புலவர் தாம் கண்டதைப் பாடினார். நாமோ அதைச் சட்டமாக்கினோம்.

நமது அணியைச் சேர்ந்த நண்பர்கள் சிலர் கூறக்கூடிய மறுப்பையும் அறிவோம். 'நிலமும் கூலியும் அரசியல் உரிமையும் தீராத நாட்டில் அடுப்படிச் சண்டை எதற்கு? இது போராட்டத்தைத் திசைதிருப்புமே' என்பார்கள். நண்பர்களே, 1919 இல், உள்நாட்டுப் போரின் நடுவே, பசியும் முற்றுகையும் சூழ்ந்திருந்த வேளையில், சமையலறையும் சில்லறை வீட்டு வேலையும் பெண்ணை நசுக்குகின்றன என்று எழுதியவர் லெனின். பொது உணவுச்சாலையையும் குழந்தைகள் காப்பகத்தையும் புதிய சமுதாயத்தின் முளைகளாக அவர் கண்டார். அவருக்கு அது திசைதிருப்பலாகத் தோன்றவில்லை. நமக்கு மாத்திரம் தோன்றுவானேன்? நமது சங்கக் கூட்டங்களில் தேநீர் ஊற்றுபவர் யார்? தீர்மானம் எழுதுபவர் யார்? கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும் 'சாப்பாடு ரெடியா?' என்று குரல் கொடுப்பவர் யார்? மேடையில் முற்போக்கும் அடுப்படியில் நிலப்பிரபுத்துவமுமாக ஒரு மனிதன் எத்தனை காலம் வாழ முடியும்?

குற்றத்தை ஊரின்மேல் மாத்திரம் சுமத்திவிட்டு நாம் தப்ப நினைக்கவில்லை. நம் வீட்டில் இருவரும் ஆசிரியர்கள். ஒரே மணிக்குப் புறப்பட்டு ஒரே மணிக்குத் திரும்புகிறவர்கள். திரும்பியதும் ஒருவர் விடைத்தாளோடு அமர்வார். மற்றவர் விடைத்தாளை ஓரமாக வைத்துவிட்டு அரிசி களைவார். அவருடைய விடைத்தாள்கள் இரவு பதினொரு மணிக்கே திருத்தப்படும். அமர்ந்தவர் யார் என்று கூற வேண்டியதில்லை. அந்த இளைஞனின் வீட்டிற் கலந்த சோற்றை உண்டு திரும்பிய இரவில்தான் இது நமது கண்ணில் உறைத்தது. வெட்கத்தோடு இதை எழுதுகிறோம்.

கொரியப் பெண்ணுக்கும் விடிவு வந்துவிட்டதென்று நாம் கூறவில்லை. கிம்ச்சி நிரம்பிய சாடிகளுக்குப் பின்னால் அந்நாட்டு மாமியாரும் மருமகளும் குனிந்த முதுகுகள் உண்டு. 2024 இல் நோபல் பரிசு பெற்ற ஹான் காங் 2007 இல் வெளியிட்ட நாவலிலே, ஒரு பெண் இனி இறைச்சி உண்ணமாட்டேன் என்று கூறுகிறாள். அவ்வளவே அவள் செய்த குற்றம். தகப்பன் அவளை அடித்து அவள் வாயில் இறைச்சியைத் திணிக்கிறான். உணவு மேசையிலே அதிகாரம் எப்படி அமர்ந்திருக்கிறது என்பதை உலகிற்குக் காட்டிய நூல் அது. கொரியாவிலிருந்து நாம் கற்கவேண்டியது ஒரு சமையற் குறிப்பை மாத்திரமன்று. அந்நாட்டுப் பெண்கள் எழுப்பும் கேள்வியையும் கற்கவேண்டும்.

வன்னி மண்ணுக்கு இக்கேள்வி அந்நியமானதா? 1990 இலிருந்து பொருளாதாரத் தடை நமது அடுப்புகளை நெரித்தது. மண்ணெண்ணெய்க்கும் சீனிக்கும் சவர்க்காரத்திற்கும் தவித்தோம். 2009 இன் முதல் மாதங்களில் முள்ளிவாய்க்காலில் அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சியே உயிரைப் பிடித்து வைத்தது. அன்று அந்தக் கிடாரங்களின் முன் நின்று துழாவியவர்களுள் ஆண்களும் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள். எவரும் எவரையும் 'உனக்கு இங்கே என்ன வேலை?' என்று கேட்கவில்லை. ஆண்டுதோறும் மே மாதத்தில் அக்கஞ்சியைக் காய்ச்சி நினைவுகூர்கிறோம். அப்பொழுதும் இளைஞர்கள் கிடாரத்தைத் துழாவுகிறார்கள். மரணத்தின் முன்னிலையிற் கையில் எடுத்த அகப்பையை வாழ்வின் முன்னிலையிற் கீழே போட்டுவிடுவதா? அப்போரின்பின் பெண்களே தலைமைதாங்கும் குடும்பங்கள் இம்மாவட்டங்களில் ஏராளம். அவ்வீடுகளிற் கூலிவேலைக்குப் போகிறவளும் அவளே, அடுப்பூதுகிறவளும் அவளே. அவள் சுமையைப் பகிரக்கூடிய கணவன் இல்லை, மகன் உண்டு. அந்த மகனை நாமல்லவா வகுப்பில் வைத்திருக்கிறோம்?

ஆகவே ஆசிரியர்களாகிய நமக்கும் மாணவர்களாகிய உங்களுக்கும் சில கடமைகள் உள. நமது பாடசாலைகளில் மனைப்பொருளியல் என்றொரு பாடமுண்டு. அதைப் பெண்பிள்ளைகளின் பாடமென்று எழுதாத சட்டமாக வைத்திருக்கிறோம். ஆண்பிள்ளைகளையும் அவ்வகுப்பில் அமர்த்துவோம். அமர மறுப்பவனுக்குக் காரணம் கேட்போம். பாடசாலை மதிய உணவைச் சமைக்கும் தாய்மாருக்கு உதவ மாணவத் தலைவர்களை முறைவைத்து அனுப்புவோம். அம்முறையில் ஆண்பிள்ளைகளின் பெயரும் இருக்கட்டும். கொரியாவிலிருந்து திரும்பிய இளைஞர்களைப் பரிசளிப்பு விழாவிற்கு அழைத்து அவர்கள் ஈட்டிய பணத்தைப் பாராட்டுவதற்குப் பதிலாக, ஒருநாள் அடுப்பின் முன் நிறுத்தி அவர்கள் கற்ற சமையலைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்வோம். பொட்டலம் வேண்டாம், நமது சிவப்பரிசி இருக்கிறது, பயறு இருக்கிறது, எள் இருக்கிறது, முல்லைத்தீவுக் கரையின் நெத்தலி இருக்கிறது. கொரியச் சோறாயினும் சரி, குரக்கன் பிட்டாயினும் சரி, ஆண் கை ஆக்கட்டும்.

அந்த மாணவி அடுத்துவரும் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறாள். அவளுக்குத் தேவையானது பண்பாட்டைப் பற்றிய சொற்பொழிவன்று. விடியற்காலையில் இரண்டு மணிநேரம். அதை அவளுக்குக் கொடுக்கும் வல்லமை அமைச்சரிடமும் இல்லை, கல்விப் பணிப்பாளரிடமும் இல்லை. அது அவளுடைய தமையனின் கையில் இருக்கிறது. நாளை அவளுடைய தம்பியின் கையில் இருக்கும். அக்கையைத் தடுக்கும் மாமனாரின் நாவை அடக்குவது நமது வேலை. அடுத்த சனிக்கிழமையும் அவ்வீட்டிற்குச் செல்வதென்று முடிவு செய்திருக்கிறோம். இம்முறை உண்பதற்கல்ல. அந்த இளைஞனோடு அமர்ந்து கோவா வெட்டுவதற்கு. ஊர் காண வெட்டுவதற்கு.

வாசக நண்பர்களே, இன்றிரவு உங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுபவர் யார்? அக்கேள்விக்கு நேர்மையாக விடை கூறியபின், பண்பாட்டைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.